ரயில், படகு, பைக் டாக்சி: பாங்காக்கில் ஊர் சுற்ற முழு வழிகாட்டி

பாங்காக் போய் வந்தவர்களிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் பாதிப் பேர் முதலில் புலம்புவது டிராஃபிக்கைப் பற்றித்தான். ஹோட்டலில் பிடித்துக் கொடுத்த காரில் ஏறி, சுகும்வித் சாலையில் ஒரே சிக்னலில் இருபது நிமிடம் உட்கார்ந்து, இரண்டு இடம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது என்பார்கள். அந்த ஊரில் உண்மையில் இவ்வளவு சிரமம் தேவையில்லை. பாங்காக்கில் சாலை கடைசி வழி. முதலில் தண்டவாளம், அடுத்து தண்ணீர், இரண்டும் கொண்டுபோய் விடாத கடைசி ஒரு கிலோமீட்டருக்குத்தான் சாலை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் ஊரே சின்னதாகிவிடும், செலவும் காரில் போவதில் நாலில் ஒரு பங்குகூட வராது.

கீழே தாய்லாந்து நாணயமான பாத்தில் சொல்லும் கட்டணங்கள் ஓரிரு பாத் ஏறியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வழிமுறை மாறாது.

அறை எடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது

ஹோட்டல் தேடும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எட்டு நிமிட நடைக்குள் இருந்தால் எடுக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாங்காக்கில் பெரிய சாலையிலிருந்து 'சோய்' என்ற கிளைத் தெருக்கள் பிரிந்து உள்ளே நீளமாகப் போகும், பல சோய்கள் மறுமுனையில் எங்கும் போய்ச் சேராது. அதனால் வரைபடத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் தெரிகிற ஹோட்டலுக்கு நடந்துபோனால் சுற்றுவழியாக இருக்கும். நேர்கோட்டுத் தூரத்தை நம்பாமல், நடை வழி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சுகும்வித் சாலையில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைப்படை எண் சோய்கள் வடக்குப் பக்கம், இரட்டைப்படை தெற்குப் பக்கம், ஆனால் இரண்டு பக்க எண்களும் ஒன்றுக்கொன்று நேராக வராது. ஏக்கமாய் என்கிற 63-ஆம் சோய்க்கு எதிர்ப்பக்கம் எண்கள் நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். 'நாற்பதாவது சோய் தானே, இருபதைத் தாண்டி கொஞ்ச தூரம்' என்று கணக்குப் போட்டு நடக்கக் கூடாது.

எந்தப் பகுதி நல்லது? முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது சபான் தக்சின். ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் அடியிலேயே சாத்தோர்ன் படகுத்துறை, இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். பாங்காக்கில் அப்படி வசதியான முனை வேறு இல்லை. அடுத்து அசோக், அங்கே மேலே ஓடும் ரயிலும் அடியில் ஓடும் ரயிலும் சந்திக்கின்றன. காவ் சான் சாலைப் பக்கம் அறை மலிவு, ராத்திரி கலகலப்பு, ஆனால் பக்கத்தில் ரயில் கிடையாது, பகலில் படகை நம்பியே இருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

இந்தியாவிலிருந்து வரும் விமானங்களில் நிறைய சுவர்ணபூமியில்தான் இறங்கும், சில மலிவுக் கட்டண விமானங்கள் டான் முவாங்கில். டிக்கெட்டில் எது என்று முதலில் பாருங்கள், இரண்டும் நகரத்தின் வேறு வேறு மூலையில் இருக்கின்றன.

சுவர்ணபூமியில் அடித்தளத்துக்கு இறங்கினால் ஏர்போர்ட் ரயில் லிங்க். நகரின் பாயா தாய் நிலையம் வரை அரை மணி நேரம், அதிகபட்சம் 45 பாத். டாக்சியில் சுங்கத்தோடு சேர்த்து 300, 400 பாத் ஆகிற வழி இது. ரயில் நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கும், மேல்தளத்துக் கவுண்டர்களைவிட இங்கே நல்ல விலை கிடைக்கும். ஏ.டி.எம்.மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் கொஞ்சம் ரொக்கம் மாற்றிக்கொள்வதுதான் லாபம்.

ரயிலில் ஏறியதும் எங்கே இறங்குவது? சயாம், சீலோம் பக்கம் போகிறவர்கள் கடைசி நிலையமான பாயா தாயில் இறங்கி, மேலே ஓடும் ரயிலான பி.டி.எஸ்.ஸுக்கு மாறுங்கள். அசோக் பக்கம் போகிறவர்கள் மக்காசானிலேயே இறங்கி, நடைபாலம் வழியாக, அடியில் ஓடும் ரயிலான எம்.ஆர்.டி.யின் பெட்சபுரி நிலையத்துக்குப் போனால் அடுத்த நிலையம் சுகும்வித், அதுதான் அசோக். மாலை ஐந்து மணிக்கு மேல் பெரிய பெட்டிகளோடு இந்த ரயிலில் ஏறுவது கஷ்டம், வேலை விட்டுப் போகிற கூட்டம் நெருக்கும். குழந்தைகள், வயதானவர்கள், நான்கு பெட்டி என்று வருகிறவர்கள் டாக்சியே எடுங்கள், தவறில்லை. முதல் தளத்தில் வெளியே இருக்கும் இயந்திரத்தில் டோக்கன் சீட்டு எடுத்து அதில் போட்டிருக்கும் எண்ணுள்ள இடத்துக்குப் போனால் மீட்டர் டாக்சி நிற்கும். மீட்டர் தொகை, அதன்மேல் 50 பாத் விமான நிலையக் கட்டணம், விரைவுச்சாலையில் போனால் சுங்கம், இவ்வளவுதான். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம். அந்தச் சீட்டைப் பயணம் முடியும் வரை கையில் வைத்திருங்கள், வண்டியில் ஏதாவது மறந்துவிட்டால் அந்தச் சீட்டை வைத்துத்தான் வண்டியைத் தேட முடியும்.

டான் முவாங்கில் இறங்கினால் எதிரிலேயே சிவப்புத் தட ரயில் இருக்கிறது, 2021-ல் வந்தது, பாங் சூவில் இருக்கும் பெரிய மத்திய நிலையத்தில் கொண்டுபோய் விடும், அங்கே எம்.ஆர்.டி. மாறலாம். ஏ1 பேருந்து 30 பாத்தில் பி.டி.எஸ். மோ சிட் நிலையத்துக்குப் போகும்.

அட்டையும் டோக்கனும்

பாங்காக்கில் ரயில்கள் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒன்றில் எடுத்த டிக்கெட் இன்னொன்றில் செல்லாது, மாறும்போது மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மேம்பாலத்தில் ஓடும் பி.டி.எஸ்.க்கு 'ராபிட்' அட்டை. நிலையக் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும், 200 பாத் கொடுத்தால் பாதி அட்டைக்கு, பாதி பயணத்துக்கு. இரண்டு நாள் மட்டும் இருக்கப்போகிறவர்களுக்கு இது தேவையில்லை, ஒற்றைப் பயண டிக்கெட்டே போதும். பல இயந்திரங்கள் நாணயம் மட்டும் வாங்கும், கவுண்டரில் நோட்டைக் கொடுத்தால் சில்லறை தருவார்கள். ஒரே நாளில் பி.டி.எஸ்.ஸிலேயே ஐந்தாறு முறை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் ஒருநாள் பாஸ் எடுக்கலாம், இல்லையென்றால் அதில் லாபம் இல்லை.

எம்.ஆர்.டி.யில் இன்னும் சுலபம். கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேராகக் கதவில் தட்டலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போனால் ஒரு அட்டை ஒருவருக்கு மட்டுமே. மற்றவர்கள் கருப்பு பிளாஸ்டிக் டோக்கன் வாங்க வேண்டும், உள்ளே போகும்போது கதவில் தொட்டுவிட்டு, வெளியே வரும்போது துளையில் போட்டுவிடலாம்.

ரயில்கள்: ஒரே இடம், இரண்டு பெயர்

பி.டி.எஸ். 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இரண்டு முக்கியத் தடங்கள், சுகும்வித் (இளம்பச்சை), சீலோம் (கரும்பச்சை). இரண்டும் சயாம் நிலையத்தில் சந்திக்கும், நடைமேடையைக் கடந்தாலே அடுத்த ரயில். கட்டணம் 17 பாத்தில் ஆரம்பம்.

எம்.ஆர்.டி. நீலத் தடம் 2004-ல் வந்தது, ஊரைச் சுற்றி வளையமாகப் போகும். 2019-ல் இது ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு மறுகரை வரை நீண்டதுதான் பயணிகளுக்குப் பெரிய வரம். வாட் மங்கோன் நிலையம் சைனா டவுனுக்கு நடுவில் இருக்கிறது, சனாம் சாய் நிலையம் அரண்மனைக்கும் வாட் போ கோயிலுக்கும் பக்கத்தில். சனாம் சாயில் இறங்கினால் அவசரப்பட்டு மேலே ஓடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள், அரசவை மண்டபம் போலத் தூண்களும் கூரையும் செய்து வைத்திருக்கிறார்கள், ரயில் நிலையம் என்றே தோன்றாது.

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான்: பி.டி.எஸ்.ஸும் எம்.ஆர்.டி.யும் சந்திக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர். இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- பி.டி.எஸ். அசோக் = எம்.ஆர்.டி. சுகும்வித்
- பி.டி.எஸ். சாலா டேங் = எம்.ஆர்.டி. சீலோம்
- பி.டி.எஸ். மோ சிட் = எம்.ஆர்.டி. சத்துச்சாக் பார்க்
- ஏர்போர்ட் லிங்க் மக்காசான் = எம்.ஆர்.டி. பெட்சபுரி

வெளியேறும் வாசல் எண்ணையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தப்பான வாசலில் ஏறினால் எட்டுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள், வெயிலில் திரும்பி வர வேண்டும்.

ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. ஏ.சி. கடுமையாக இருக்கும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஏழரை, இந்த நேரங்களைத் தவிர்த்தால் உட்கார இடம் கிடைக்கும்.

ஆறு: சாவ் பிரயா படகு

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வாகனம் இதுதான். பழைய பாங்காக், அதாவது அரண்மனை, வாட் போ, வாட் அருண், பூச்சந்தை எல்லாம், ஆற்றைப் பார்த்தபடி இருக்கின்றன. ரயில் அந்தப் பக்கம் வந்தது நேற்றுத்தான், படகு எப்போதும் இருந்தது.

சபான் தக்சின் நிலையத்தில் இரண்டாம் எண் வாசலில் இறங்கினால் சாத்தோர்ன் துறை. அங்கே போனதும் சிலர் சுற்றுலாப் படகு டிக்கெட் வாங்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். நீலக் கொடி கட்டிய அந்தப் படகு மோசமில்லை, இடம் தாராளமாக இருக்கும், ஆங்கிலத்தில் அறிவிப்பு உண்டு, ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் தேட வேண்டியது ஆரஞ்சுக் கொடி. எவ்வளவு தூரம் போனாலும் 16 பாத், ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் புத்த பிக்குகளும் ஏறுகிற படகு. மஞ்சள் கொடி விரைவுப் படகு, எல்லாத் துறையிலும் நிற்காது, அதனால் கொடியைப் பார்க்காமல் ஏறக் கூடாது.

அரண்மனை திசைக்கு, அதாவது வடக்கே, போகும்போது துறைகளின் எண் ஏறிக்கொண்டே வரும். ராட்சவோங் (என்5) சைனா டவுனுக்கு, தா தியன் (என்8) வாட் போவுக்கு, தா சாங் (என்9) அரண்மனைக்கு, பிரா ஆதித் (என்13) காவ் சானுக்கு. எண் பலகை துறையில் பெரிதாக இருக்கும்.

ஏறுவதில்தான் பழக்கம் தேவை. படகு துறையை ஒட்டி நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. பின்னால் நிற்கும் பையன் விசில் அடித்தே ஓட்டுநருக்கு 'பின்னால் வா, நெருங்கு, போ' என்று சொல்லிவிடுவான். இறங்குகிறவர்களை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து, ஒரே அடியில் ஏறிவிடுங்கள். தயங்கி ஒரு காலை மட்டும் வைப்பதுதான் ஆபத்து. உங்கள் துறை வருவதற்கு முன்பே எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள், நின்ற பிறகு எழுந்தால் அடுத்த துறைக்குப் போய்விடுவீர்கள். பிக்குகளுக்கென்று குறித்த இடத்தில் நிற்காதீர்கள், பெண்கள் அவர்கள்மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நிற்பது அந்த ஊர் மரியாதை.

தா தியனிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்குத் தனியாக அக்கரைப் படகு உண்டு, 5 பாத்தான். ஆரஞ்சுக் கொடிப் படகு மாலை ஆறு, ஏழோடு முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

கால்வாய்: சேன் சேப்

ஆற்றுப் படகு அழகு என்றால் கால்வாய்ப் படகு வேகம். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் 1837-ல் வெட்டத் தொடங்கிய சேன் சேப் கால்வாய் நகரின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடுகிறது, அதில் இன்றும் தினமும் வேலைக்குப் போகிற கூட்டம் படகில்தான் போகிறது. மேற்கு முனை பான்ஃபா, அங்கிருந்து பொன்மலைக் கோயிலான வாட் சகேத் நடை தூரம், காவ் சானும் கால் மணி நடை. நடுவில் பிரதுநாம், அங்கே எல்லோரும் இறங்கி அடுத்த படகுக்கு மாற வேண்டும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10, 20 பாத்துக்குள்.

சயாம் பக்கத்திலிருந்து பழைய நகருக்குப் போக இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. ராட்சதேவி பி.டி.எஸ். நிலையத்துக்குப் பக்கத்தில் சபான் ஹுவா சாங் துறை, அங்கே ஏறினால் கால் மணிக்குள் பான்ஃபா. அதே வழியில் மாலை நேரத்தில் டாக்சி ஒரு மணி நேரம்கூட எடுக்கும். தண்ணீர் சுத்தமில்லை, நாற்றம் அடிக்கும், எதிரே இன்னொரு படகு வந்தால் தெறிக்கும். ஓரத்தில் உட்காருகிறவர்கள்தான் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும், அது உங்கள் பொறுப்பு. நடத்துநர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார்கள், இருபது பாத் நோட்டைக் கையில் தயாராக வைத்திருங்கள். சின்னக் குழந்தைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் இதில் ஏற்ற வேண்டாம், படிக்கும் படகுக்கும் இடையே கால் வைக்கும் இடம் குறுகல்.

சாலையில் இறங்கினால்

பைக் டாக்சிதான் சோய்களின் ராஜா. ஒவ்வொரு சோயின் வாசலிலும் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டவர்கள் வண்டியோடு உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் கட்டணப் பலகை இருக்கும். சோய்க்குள் போய்விட 20 பாத் அளவில் ஆகும், தூரம் என்றால் முன்பே பேசிவிடுங்கள். ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பெரிய சாலையில் போவதென்றால் கண்டிப்பாக. கார் இடுக்குகளில் நுழைந்து போவார்கள் என்பதால் முழங்காலை உள்ளே வையுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அது பைக் விபத்தையும் சேர்த்துக்கொள்கிறதா என்று ஊரிலேயே படித்துவிடுங்கள்.

டாக்சியில் ஏறும் முன்பே "மீட்டர்" என்று கேளுங்கள், அந்த ஒரு வார்த்தை போதும். ஆரம்பத் தொகை 35 பாத். 'மீட்டர் இல்லை, 300' என்றால் சண்டை வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். சுற்றுலாத் தலத்தின் வாசலில் நிற்கிற வண்டியைவிட ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவது எப்போதும் நல்லது. கிராப், போல்ட் இரண்டு செயலிகளையும் போட்டு விலையை ஒப்பிடுங்கள், மழை நேரத்தில் இரண்டும் ஏறிவிடும்.

நம் ஊர் ஆட்டோ போன்ற டுக்டுக்கில் மீட்டர் கிடையாது, பல நேரம் டாக்சியைவிட விலை அதிகம். ஆசைக்கு ஒருமுறை ராத்திரியில் சைனா டவுன் பக்கம் ஏறிப் பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அரண்மனை அருகே யாராவது வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாத்துக்கு டுக்டுக்கில் வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அந்த வண்டி போய்ச் சேருவது நகைக்கல் கடைக்கோ தையல் கடைக்கோதான். அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கும், பிற்பகல் மூன்றரை வரை டிக்கெட் கொடுப்பார்கள்.

பேருந்து மலிவு. ஏ.சி. இல்லாத சிவப்புப் பேருந்துக்கு ஒரே கட்டணம், 8 பாத். தடம் கண்டுபிடிக்க வயாபஸ் செயலி உதவும். கை நீட்டினால்தான் நிற்கும். ஆனாலும் அது போவது அதே டிராஃபிக்கில், அதனால் அவசரம் இல்லாத நாளில் மட்டும்.

ஓட்டுநர்களில் பலருக்கு ஆங்கில எழுத்து படிக்க வராது. போகிற இடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் போனில் காட்டுங்கள், ஹோட்டலின் முகவரி அட்டையையும் பர்ஸில் வையுங்கள். சில சொற்கள் போதும்: தாவ் ராய் (எவ்வளவு), லியாவ் சாய் (இடது), லியாவ் குவா (வலது), துரோங் பாய் (நேராக), ஜோத் தீ நீ (இங்கே நிறுத்துங்கள்). பேசும் ஆண் என்றால் கடைசியில் 'க்ராப்', பெண் என்றால் 'கா' சேர்த்தால் எதிரில் இருப்பவர் முகமே மலரும்.

ஒரு நாளைக் கோர்த்துப் பார்ப்போம்

காலை எட்டு மணிக்குள் சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடி, தா சாங்கில் இறங்கி அரண்மனை. முழுக்கால் துணி போட்டுக்கொள்ளுங்கள், அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். அங்கிருந்து நடந்தே வாட் போ, அப்புறம் தா தியனில் 5 பாத் படகில் வாட் அருண் போய்த் திரும்புங்கள். பத்து நிமிடம் நடந்தால் சனாம் சாய் நிலையம், அடுத்த நிறுத்தமே சாம் யோட். அங்கே இறங்கினால் பஹுராத், இந்தியத் துணிக்கடைகளும் சைவச் சாப்பாடும் கிடைக்கிற தெரு, மதிய உணவுக்கு மாமிசம் சாப்பிடாதவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்திலேயே சைனா டவுன், நடந்து பார்த்துவிட்டு வாட் மங்கோனில் ஏறி சீலோம் வாருங்கள். சாலா டேங்கில் பி.டி.எஸ். மாறி இரண்டாவது நிறுத்தம் செயின்ட் லூயிஸ், அங்கிருந்து பத்து நிமிட நடையில் பான் சாலை முனையில் மகா மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில், நம் ஊர்க் கோபுரம், நம் ஊர் பூஜை, வரிசையில் நிற்கிறவர்களில் நிறையப் பேர் பூமாலையோடு வரும் தாய்லாந்துக்காரர்கள். நவராத்திரி சமயத்தில் போனால் விஜயதசமி இரவில் சீலோம் சாலையை அடைத்து அம்மன் ஊர்வலம் நடக்கும், அன்று அந்தப் பக்கம் டாக்சி எடுக்கவே எடுக்காதீர்கள்.

திரும்ப சபான் தக்சினுக்கு இரண்டு நிறுத்தம். இந்த முழு நாளுக்கும் போக்குவரத்துச் செலவு ஆளுக்கு 120 பாத் அளவில்தான் வரும். ரயில்கள் நள்ளிரவு வரை ஓடும், ஆனால் கடைசி ரயில் நேரம் நிலையத்துக்கு நிலையம் மாறும், மாறிச் செல்ல வேண்டியிருந்தால் பதினொன்றரைக்குள் ஏறிவிடுங்கள். அதற்கு மேல் தாமதமானால் மீட்டர் டாக்சிதான், அந்த நேரத்தில் சாலைகள் காலியாக இருக்கும், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.